ரசனைப் பொருத்தம் பார்க்காதீர்கள்

வெளிநாட்டுக்குச் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்னதும், ஏற்கெனவே போய் வந்தவர்கள் தவறாமல் சொல்கிற அறிவுரை ஒன்று உண்டு. "உங்களைப் போலவே ரசனை உள்ளவரோடு போங்கள். அப்படி ஆள் கிடைக்கவில்லையென்றால் தனியாகப் போய்விடுங்கள்." அலுவலக நண்பர் இதைச் சொல்கிறார். யூடியூபில் பயணக் காணொளி போடும் இளைஞர் சொல்கிறார். இலக்கியக் கூட்டத்தில் பக்கத்து நாற்காலிக்காரரும் சொல்கிறார். கல்யாணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோலப் பயணத்துக்கும் பொருத்தம் பார்க்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. ஓவியம் பிடித்தவர் ஓவியம் பிடித்தவரோடு, சாப்பாட்டுப் பிரியர் சாப்பாட்டுப் பிரியரோடு, கடைவீதி சுற்றுபவர் தன்னைப் போன்றவரோடு என்று ஜோடி சேர்கிறார்கள். யாரோடும் சேராதவர் தனியாகக் கிளம்பி, அதுதான் உயர்ந்த பயணம் என்றும் எழுதுகிறார்.

இந்த நம்பிக்கையை நான் முழுமூச்சாக எதிர்க்கிறேன். ஊர் பார்க்கும் வாய்ப்பை அது பாதியாகக் குறைத்துவிடுகிறது. நம் வீட்டில் யார் யாரையெல்லாம் விட்டுவிட்டுப் போகலாம் என்பதற்கு ஒரு நாகரிகமான சாக்கையும் அது தந்துவிடுகிறது.

நம்மில் பெரும்பாலோருக்கு வெளிநாடு என்பது ஆயுளில் ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு மூன்று தடவை. ஆறு மாத வங்கிக் கணக்கு, வருமானவரிச் சான்று, விடுமுறைக் கடிதம், விசா அலுவலகத்தில் விரல்ரேகை என்று அத்தனை பாடுபட்டு ஒரு நகரத்துக்குப் போய்ச் சேருகிறோம். அங்கே போயும் நமக்கு ஏற்கெனவே பிடித்ததை மட்டும், ஏற்கெனவே தெரிந்த கண்ணால் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்புவது எவ்வளவு பெரிய இழப்பு! ஒத்த ரசனைக்காரர்கள் இருவர் சேர்ந்து போனால் நடப்பது இதுதான். இருவரும் ஒரே புத்தகங்களைப் படித்திருப்பார்கள், ஒரே பட்டியலை வைத்திருப்பார்கள். ஒருவர் "ஆகா" என்றால் மற்றவரும் "ஆகா" என்பார். நான்கு கண்கள் போயும் பார்வை ஒன்றுதான்.

நானும் என் பெரியப்பா மகனும் ரோமுக்குப் போனோம். அண்ணன் குடிநீர் வாரியத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓவியத்தில் அவருக்கு நாட்டமில்லை. தேவாலயத்துக்குள் நுழைந்தால் சிறிது நேரத்தில் வாசற்படிக்கு வந்துவிடுவார். நானோ கரவாஜ்ஜோவின் ஓவியங்களைப் பார்ப்பதற்காகவே அந்த நகரத்தைத் தேர்ந்தெடுத்தவன். கிளம்பும் முன்பே பலர் எச்சரித்தார்கள்: "அவரோட போனா உனக்கு ஒண்ணும் பார்க்கக் கிடைக்காது."

ரோமின் தெருக்களில் ஏறத்தாழ 2,500 குடிநீர்க் குழாய்கள் நிற்கின்றன. இடுப்பளவு உயரமுள்ள இரும்புத் தூண், அதிலிருந்து மூக்கு மாதிரி வளைந்த ஒரு குழாய், அதன் வழியே ராப்பகலாகக் கொட்டும் தண்ணீர். ரோம்காரர்கள் நசோனே என்று அழைக்கும் இந்தக் குழாய்கள் 1870களில் நகரத்துக்கு வந்தவை. வாயைக் கட்டைவிரலால் அடைத்தால், வளைவின் மேலிருக்கும் சிறு துளை வழியாக நீர் எழும்பிப் பாயும். குனியாமல் குடிக்கலாம். வழிகாட்டிப் புத்தகங்கள் இதைப் பணம் மிச்சம் பிடிக்கும் வழியாக ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்கின்றன. அண்ணன் நகரவில்லை. தெருவுக்குத் தெரு நின்றார். குழாயின் வாயை அடைத்துப் பார்த்தார், நீர் எழும்பும் உயரத்தைக் கவனித்தார், கீழே சாக்கடை வாய் எப்படி இருக்கிறது என்று குனிந்து பார்த்தார்.

"தம்பி, மோட்டார் போட்டு ஏத்துற தண்ணியை யாரும் இப்படித் திறந்துவிட மாட்டான். இது எங்கேயோ மலையிலிருந்து தானா இறங்கி வருது" என்றார். அன்றிரவு விடுதியில் தேடிப் பார்த்தோம். ரோமின் குடிநீரில் பெரும்பகுதி, வடகிழக்கே ரியேத்தி மாவட்டத்திலுள்ள பெஸ்கியேரா ஊற்றுகளிலிருந்து சரிவின் பலத்திலேயே வந்து சேருகிறது. ஒரு குழாயின் வாயில் விரலை வைத்துப் பார்த்தே ஒரு நகரத்தின் மேட்டையும் பள்ளத்தையும் சொல்லிவிட்டார் அவர். நான் படித்திருந்த கலை வரலாற்றுப் புத்தகங்கள் எதிலும் இது இல்லை.

திரெவி நீரூற்றுக்குப் போனோம். நிக்கோலா சால்வி வடிவமைத்து, அவர் இறந்த பிறகு 1762இல் கட்டி முடிக்கப்பட்டது. அங்கே எல்லோரும் செய்வது உங்களுக்குத் தெரியும்: நீரூற்றுக்கு முதுகைக் காட்டி நின்று தோளுக்கு மேலாகக் காசு எறிவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். அண்ணனின் கேள்வி வேறாக இருந்தது. இவ்வளவு தண்ணீர் இந்தச் சந்துக்குள் எங்கிருந்து வருகிறது? மாளிகைச் சுவரின் உயரத்தில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள் இருக்கின்றன. ஒன்றில் ரோமானியத் தளபதி அகரிப்பா கால்வாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தருகிறார். மற்றொன்றில் ஓர் இளம்பெண் படைவீரர்களுக்கு ஊற்று இருக்கும் இடத்தைக் காட்டுகிறாள். கி.மு. 19இல் அகரிப்பா கட்டிய 'அக்வா விர்கோ' என்னும் கால்வாயின் கதை அது. பெரும்பகுதி தரைக்கடியில் ஓடிய கால்வாய். பலமுறை பழுதாகி, பலமுறை செப்பனிடப்பட்டு, இன்றும் திரெவிக்கு நீர் தருவது அந்தப் பழைய வழிதான். நீரூற்று என்று நாம் படம் பிடிப்பது, ஈராயிரம் ஆண்டுகளாக நடக்கும் ஒரு குடிநீர்த் திட்டத்தின் முகப்பு. கூட்டம் முழுவதும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, ஓய்வு பெற்ற ஒரு குடிநீர்ப் பொறியாளர் மட்டும் அண்ணாந்து, அந்தப் புடைப்புச் சிற்பங்களைத் தன் துறையின் ஆவணமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

அங்கிருந்து சிறிது தூரத்தில் ஒரு பழைய சினிமாக் கொட்டகையைப் புதுப்பிக்கத் தோண்டியபோது, ரோமானியக் காலத்து வீடுகளும் அதே கால்வாயோடு இணைந்த நீர்த்தொட்டியும் வெளிப்பட்டன. இன்று அது நிலவறை அருங்காட்சியகம். அண்ணன் அங்கே இறங்கியதும் சுவரின் பூச்சைப் பார்த்தார். நீர் கசியாமலிருக்க ரோமானியர்கள் பூசிய காரை அது. மேலே வந்ததும், கி.பி. 97இல் ரோமின் நீர்வழிகளுக்குப் பொறுப்பேற்ற ஃபிரன்டீனஸ் என்ற அதிகாரியைப் பற்றி நான் படித்திருந்ததைச் சொன்னேன். கால்வாய்களைப் பற்றி அவர் எழுதிய நூலில் திருட்டு இணைப்புகளைப் பற்றியும், ஊழியர்களே துணைபோய்க் குழாயில் துளை போடுவதைப் பற்றியும் முறையிட்டிருக்கிறார். அண்ணன் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பணிக்காலமெல்லாம் அவர் மல்லாடியது அதே திருட்டு இணைப்புகளோடுதான். அந்தக் கணத்தில் அவருக்கு ஃபிரன்டீனஸ் துறையின் மூத்த அதிகாரியாகிவிட்டார். எனக்குப் பெயராக மட்டும் இருந்த ஒருவர், அண்ணனின் முகத்தைப் பார்த்த பிறகுதான் ஆளாக உருவெடுத்தார்.

பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனில் இன்னொன்று. 43 மீட்டர் அகலக் குவிமாடம், இரும்புக் கம்பி இல்லாத கான்கிரீட்டில் இன்றுவரை அதைவிடப் பெரியது இல்லை. உச்சியில் வானத்துக்குத் திறந்த வட்டம். உள்ளே வந்தவர்கள் அத்தனை பேரும் தலையை நிமிர்த்தியிருந்தார்கள். அண்ணன் தலையைக் குனிந்து தரையைத் தேடினார். மேலே ஓட்டை இருந்தால் மழை உள்ளே விழும். விழுந்த தண்ணீர் எங்கே போகும்? தரை நடுவில் லேசாக மேடிட்டுச் சரிகிறது. பளிங்கில் சிறுசிறு துளைகள் வடிகாலாக இருக்கின்றன. அதைக் கண்டுபிடித்துவிட்டு அவர் என்னைக் கூப்பிட்ட குரலின் மகிழ்ச்சி, ஓவியர் ரஃபேலின் கல்லறை முன்னால் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சிக்கு எந்த வகையிலும் குறைந்ததில்லை. அவரும் பிறகு என்னோடு வந்து அந்தக் கல்லறை முன் நின்றார்.

என் பக்கத்துக்கு அவர் வந்தபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். ரோமில் மூன்று தேவாலயங்களில் கரவாஜ்ஜோவின் ஆறு ஓவியங்களைக் கட்டணமில்லாமல் பார்க்கலாம். சான் லூயீஜி தேவாலயத்தின் சிற்றறையில் மத்தேயுவின் வாழ்க்கையைச் சொல்லும் மூன்று தொங்குகின்றன. காசு போட்டால் விளக்கு எரியும், சற்று நேரத்தில் அணைந்துவிடும். அங்கே இருக்கும் 'மத்தேயுவை அழைத்தல்' புகழ்பெற்றது. வரி வசூலிப்பவர்கள் மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். வலப்பக்கத்திலிருந்து இயேசு கையை நீட்டி ஒருவரை அழைக்கிறார். நடுவில் தாடி வைத்த ஒருவர், "என்னையா?" என்பதுபோல விரல் நீட்டுகிறார். அவர்தான் மத்தேயு என்பது பரவலான கருத்து.

அண்ணன் ஒப்புக்கொள்ளவில்லை. "தாடிக்காரன் தன்னைக் காட்டலை தம்பி. ஓரத்துல உட்கார்ந்திருக்கானே, அந்தப் பையனைக் காட்டுறான். அவனைப் பாரு, கூப்பிடுறது காதுல விழாம காசையே எண்ணுறான். கூப்பிட வேண்டிய ஆளு அவன்தான்." விளக்கு அணைந்தது. நான் இன்னொரு காசு போட்டேன். விரலின் கோணத்தைப் பார்த்தோம். இயேசுவின் பார்வை எங்கே விழுகிறது என்று பார்த்தோம். மேசைக்காரர்கள் ஓவியரின் காலத்து உடையிலும், இயேசுவும் அவர் பக்கத்தில் நிற்கும் பேதுருவும் பழங்கால உடையில் வெறுங்காலோடும் இருப்பதை அண்ணன் சுட்டிக்காட்டினார். மறுபடி விளக்கு அணைந்தது. கலை வரலாற்றாளர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் வாதம் இது என்று அண்ணனுக்குத் தெரியாது. அந்த வாதத்தின் மறுதரப்பை அவர் தானாகவே, ஓர் அலுவலகத்தில் மேசைகளுக்கு நடுவே ஆயுளைக் கழித்த அனுபவத்திலிருந்து கண்டெடுத்தார். நான் இன்றும் தாடிக்காரர் கட்சிதான். ஆனால் அந்த ஓவியத்தின் ஒவ்வொரு விரலும் எனக்கு நினைவிருக்கிறது. மறுக்க ஓர் ஆள் பக்கத்தில் இருந்ததால்தான் அவ்வளவு உற்றுப் பார்த்தேன். ஒத்த ரசனை நண்பர் வந்திருந்தால் இருவரும் தாடிக்காரரைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, ஒரே காசில் வெளியே வந்திருப்போம்.

சாப்பாட்டைப் பற்றி வேறு விதமாகச் சொல்வார்கள். "ரொட்டியே ஆகாது என்பவரோடு இத்தாலிக்குப் போனால் தொல்லை." அண்ணனுக்கு மூன்று வேளையும் மாவுப் பண்டம் இறங்காது, உண்மைதான். அவருக்குச் சோறு தேடித்தான் தெர்மீனி ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலுள்ள எஸ்குவிலீனோ சந்தைக்குப் போனோம். வெண்டைக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லிக் கட்டு, மூட்டை மூட்டையாக அரிசி, மீன் கடையில் ஒரு பக்கம் வங்காள மொழியும் மறுபக்கம் இத்தாலிய மொழியும். ரோமில் வங்கதேசத்தவர் பெருந்தொகையாக வாழ்கிறார்கள். சுற்றுலாப் பகுதியில் குடையும் ரோஜாப்பூவும் விற்பவர்களாக மட்டும் அவர்களைப் பார்த்துவிட்டுத் திரும்பும் பயணிகள் ஏராளம். அந்தச் சந்தையில் அவர்கள் கடை முதலாளிகளாக, பேரம் பேசும் தாய்மார்களாக, பள்ளிப்பை தூக்கிய பிள்ளைகளாக இருந்தார்கள். இன்றைய ரோம் அதுதான். ஒருவரின் வயிறு ஒத்துக்கொள்ளாததால் எனக்குத் திறந்த கதவு அது.

பழைய பயணிகளின் கதையை எடுத்துப் பார்த்தாலும் பொருத்தவாதிகளுக்கு ஆதரவு கிடைக்காது. ஜெர்மன் கவிஞர் கெதே 1786இல் வேறு பெயர் பூண்டு ரோமுக்கு வந்து சேர்ந்தார். தனிமையைத் தேடிச் சென்ற மேதை என்று அவரைச் சித்திரிப்பார்கள். அவர் தங்கியதோ கோர்சோ தெருவில், திஷ்பைன் முதலான ஓவியர்கள் வாழ்ந்த வீட்டில். வெள்ளை மேலங்கியும் அகலத் தொப்பியுமாக அவர் சாய்ந்திருக்கும் உலகப் புகழ்பெற்ற ஓவியம் அந்த வீட்டுத் துணையால் கிடைத்தது. அடுத்த ஆண்டு சிசிலிக்குப் போனபோது கிநீப் என்ற ஓவியர் உடன் சென்றார். கெதே கல்லையும் செடியையும் ஆராய்ந்தார், கிநீப் கோயில்களையும் நிலக்காட்சிகளையும் வரைந்தார். இருவரும் செடி தேடியிருந்தால் அந்தப் படங்கள் இருந்திருக்காது.

பிரெஞ்சு எழுத்தாளர்கள் ஃப்ளோபேரும் மக்சீம் டுகானும் இன்னும் பொருந்தாத ஜோடி. 1849இன் இறுதியில் எகிப்துக்குப் போனார்கள். டுகான் கனத்த காமிராவோடு கோயில் கோயிலாக அலைந்தார். ஃப்ளோபேருக்குக் கோயில்கள் சலிப்பூட்டின, அதை அவரே எழுதி வைத்திருக்கிறார். மனிதர்களையும் தெருவையும் பார்ப்பதில்தான் அவருக்கு மனம் ஒட்டியது. ஒருவரால் 1852இல், ஒளிப்படங்களோடு வெளிவந்த முதல் பயணநூல்களில் ஒன்று உலகுக்குக் கிடைத்தது. மற்றவரின் குறிப்புகளிலும் கடிதங்களிலும் எகிப்தின் வேறொரு முகம் பதிவானது. உரசல்கள் இருந்தன. ஆனாலும் ஃப்ளோபேரின் 'மதாம் பொவாரி' நாவல் 1856இல் தொடராக வெளிவந்தது டுகான் பொறுப்பிலிருந்த இதழில்தான்.

உளப்பகுப்பாய்வு அறிஞர் ஃபிராய்டின் கதை எனக்கு இவற்றையெல்லாம்விட நெருக்கமானது. பல ஆண்டுகள் ஏங்கிய பிறகு 1901இல் அவர் முதன்முதலாக ரோமில் கால் வைத்தபோது உடனிருந்தவர் தம்பி அலெக்ஸாண்டர். 1904இல் ஏதென்ஸுக்குப் போனதும் அதே தம்பியோடுதான். அலெக்ஸாண்டர் மனத்தை ஆராய்பவரல்லர், ரயில் சரக்குக் கட்டண விவகாரங்களில் நிபுணர். அக்ரோபோலிஸ் குன்றின்மேல் நின்றபோது, பள்ளியில் படித்ததெல்லாம் உண்மையாகவே இருக்கிறதே என்ற விசித்திரமான எண்ணம் ஃபிராய்டுக்கு வந்தது. 1936இல், முதுமையில், அந்த எண்ணத்தின் வேரைத் தேடி அவர் எழுதினார். அப்பா உயர்நிலைக் கல்வி பெறாத வணிகர். ஏதென்ஸ் அவருக்கு ஒரு பொருட்டாக இருந்திருக்காது. அந்த அப்பாவைத் தாண்டி இவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற உறுத்தல்தான் அந்த விசித்திர எண்ணத்துக்கு அடியில் இருந்தது என்பது அவர் கண்ட விடை. சிறுவயதில் ஒரே தெரு வழியாகப் பள்ளிக்கு நடந்த தம்பி பக்கத்தில் நிற்காமல் அந்த நினைவு அந்தக் குன்றில் எழுந்திருக்குமா? தொல்லியல் அறிஞர் ஒருவர் துணைக்கு வந்திருந்தால் இருவரும் தூண்களைப் பற்றிப் பேசியிருப்பார்கள்.

இந்த இடத்தில் நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ரோமின் ஒரு நசோனேயின் முன்னால் நின்று அண்ணன் எங்கள் தெருவின் அடிபம்பைப் பற்றிப் பேசினார். விடியற்காலையில் குடங்களை வரிசையில் வைத்துவிட்டுத் தூங்காமல் காத்திருந்த பெரியம்மாவைப் பற்றிப் பேசினார். அந்த வரிசைதான் தன்னை இந்தத் துறைக்குக் கொண்டுவந்தது என்று அதுவரை யாரிடமும் சொல்லாததைச் சொன்னார். முதல் தலைமுறையாக விமானம் ஏறுகிற குடும்பங்களுக்கு அயல்நகரம் இப்படித்தான் பேச்சைத் திறந்துவிடும். அந்தப் பேச்சுக்கு ரசனை ஒத்திருக்க வேண்டியதில்லை, ஒரே தெருவில் வளர்ந்திருந்தால் போதும்.

"தனியாக நின்று பார்த்தால்தான் ஆழம் வரும்" என்பது அடுத்த வாதம். இதற்கும் ஃபிராய்டையே காட்டுவார்கள். சான் பியேத்ரோ இன் வின்கோலி தேவாலயத்தில் மைக்கேலாஞ்சலோவின் மோசே சிலைக்கு முன்னால் நாள்தோறும் தனியாகப் போய் நின்றதாக அவரே சொல்லியிருக்கிறார். அதன் பயனாக எழுதிய கட்டுரை 1914இல் பெயர் போடாமல் வெளிவந்தது. அந்தக் கட்டுரையைத் திறந்து பாருங்கள். தொடக்கத்தில் பக்கம் பக்கமாக, முன்பு அந்தச் சிலையைப் பார்த்தவர்கள் எழுதியவற்றை வரிசையாக வைத்து ஒருவரோடு ஒருவரை மோதவிடுகிறார். ஒருவர் கண்ணுக்குச் சினமாகத் தெரிவது இன்னொருவருக்கு அமைதி. தாடியைப் பிடித்த கை என்ன செய்கிறது என்பதில்கூட ஒற்றுமையில்லை. அந்த முரண்பாடுகளிலிருந்துதான் அவருடைய பார்வை பிறக்கிறது. உடலால் தனியாக நின்றபோதும், தன்னோடு உடன்படாத ஒரு கூட்டத்தை அவர் துணைக்கு அழைத்து வைத்திருந்தார்.

இன்று தனியாகப் போகிறவர்களுக்கு அந்தத் துணையும் இல்லை. கையில் போன் இருக்கிறது. எங்கே சாப்பிடலாம், எந்தச் சந்தில் திரும்பலாம், எந்தக் கோணத்தில் படம் எடுக்கலாம் என்று எல்லாவற்றையும் அது சொல்கிறது. முன்பு நமக்குப் பிடித்தவற்றை வைத்தே அது இனிப் பிடிக்கப் போவதைக் காட்டுகிறது. ஒத்த ரசனையின் உச்சம் அது. முகம் தெரியாத ஆயிரக்கணக்கானோர் போட்ட நட்சத்திரங்களை நம்பி நடந்துவிட்டு, "நானே தேடிக் கண்டுபிடித்தேன்" என்று எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. உள்ளூர் மக்களோடு பழகுவது தனியாகப் போனால்தான் முடியும் என்பதும் ஆராயாமல் சொல்வது. அண்ணன் குழாயடியில் நின்று சைகையால் கேட்ட கேள்விகளுக்கு, நாயோடு வந்த முதியவரும் காய்கறி கழுவ வந்த கடைக்காரரும் நின்று பதில் சொன்னார்கள்.

பெண்கள் தனியாகப் பயணம் போவதை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. தெருமுனைக் கடைக்குக்கூடத் துணையில்லாமல் அனுப்பப்படாத ஒரு பெண் தனியாக விமானம் ஏறினால் அது விடுதலை. அதை யாரும் குறை சொல்லக் கூடாது. என் வழக்கு, தனிமைதான் ஊரை நன்றாகக் காட்டும் என்கிற கொள்கையோடு மட்டும். அந்தக் கொள்கையின் மறுபக்கத்தில் பெரும்பாலும் வீட்டில் விட்டுவரப்பட்ட ஒரு பெண் இருக்கிறாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

சிலப்பதிகாரத்தில் ஊர்காண் காதை என்றே ஒரு பகுதி உண்டு. அயல்நாட்டுத் தலைநகரான மதுரையைக் கோவலன் சுற்றிப் பார்க்கிறான். மணிகள் விற்கும் வீதி, பொன் வீதி, துணிக்கடை வீதி, கூல வீதி என்று ஒவ்வொன்றாக விரிகிறது. கண்ணகி அப்போது புறஞ்சேரியில் கவுந்தியடிகளோடு இருக்கிறாள். திரும்பி வந்த கோவலன் மதுரையின் சிறப்பைக் கவுந்தியிடம் எடுத்துச் சொல்கிறான். மாநாய்கன் என்ற பெருவணிகனின் மகள் அந்த மணி வீதியில் எதைக் கவனித்திருப்பாள், எந்தக் கடைக்காரரின் பேச்சை நம்பியிருக்க மாட்டாள் என்று எனக்கு எப்போதும் தோன்றும். அவள் மதுரை வீதிகளில் நடந்தது பின்னர், கணவன் கொல்லப்பட்ட பிறகு, கையில் ஒற்றைச் சிலம்போடு.

சண்டை வராதா என்று கேட்பார்கள். வரும். எங்களுக்கும் வந்தது, ஒரு பிற்பகல் முழுவதும் பேசாமல் திரிந்தோம். ஆனால் பயணங்களைக் கெடுக்கும் சண்டைகளை உற்றுப் பார்த்தால், அவற்றில் ஓவியமோ கடைவீதியோ காரணமாக இருப்பது அரிது. ஒருவர் ஐந்து மணிக்கு எழுவார், மற்றவர் ஒன்பது மணிக்கு. ஒருவருக்கு முட்டி வலிக்கும், மற்றவர் பேருந்துக் காசை மிச்சம் பிடிப்பார். ஒருவர் செலவைக் கணக்கெழுதுவார், மற்றவர் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்பார். பொருத்தம் பார்க்க வேண்டுமென்றால் இவற்றில் பாருங்கள்: தூக்கம், கால், பணப்பை. கிளம்பும் முன்பே செலவை எப்படிப் பகிர்வது என்று வாய்விட்டுப் பேசிக்கொள்ளுங்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்பதை முதலில் பார்த்து வையுங்கள், பெரியவர்களோடு போகும்போது அருங்காட்சியகத்தைவிட அது முக்கியம். ஒருநாள் விட்டு ஒருநாள் பிற்பகலில் பிரிந்து போய், இரவுச் சாப்பாட்டில் சந்தித்துப் பார்த்ததைச் சொல்லிக்கொள்ளுங்கள். எல்லா நேரமும் ஒட்டிக்கொண்டு திரிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. சொல்வதற்குக் காத்திருக்கும் ஒருவர் இருந்தால், பிரிந்து பார்ப்பதும் கூர்மையாகும்.

பிறருடைய ஆர்வத்துக்காகக் காத்து நிற்பது நேர விரயம் என்ற எண்ணம்தான் இந்தப் பொருத்தவாதத்தின் அடிவேர் என்று நினைக்கிறேன். பொறுமையிழந்து நிற்கும் அந்தப் பத்து நிமிடத்தில்தான் தெரு நம் கண்ணில் படுகிறது. அண்ணன் குழாயை ஆராய்ந்த நேரங்களில் நான் எத்தனையோ பால்கனிகளையும், துணி காயும் கொடிகளையும், பாதாளச் சாக்கடை மூடிகளில் பழைய ரோமக் குடியரசின் நான்கெழுத்து முத்திரை இன்றும் வார்க்கப்பட்டிருப்பதையும் பார்த்தேன். என் பட்டியலை மட்டும் பிடித்து நடந்திருந்தால் ஓர் ஓவியத்துக்கும் அடுத்த ஓவியத்துக்கும் இடையிலுள்ள தூரமாகத்தான் ரோம் எனக்கு இருந்திருக்கும்.

அடுத்த முறை வெளிநாட்டுக்கு டிக்கெட் போடும் முன், "அவருக்கு இதெல்லாம் போரடிக்கும்" என்று நீங்கள் ஒதுக்கி வைத்திருக்கும் ஒருவரை நினைத்துப் பாருங்கள். அம்மாவாக இருக்கலாம், தையல் கடை வைத்திருக்கும் சித்தியாக இருக்கலாம், பஸ் டிப்போவில் வேலை பார்த்த மாமாவாக இருக்கலாம். அவருக்கு எதில் ஆர்வம் என்று கேளுங்கள். அவர் சொல்வது எவ்வளவு சாதாரணமாகத் தோன்றினாலும் அதைக் குறித்துக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட் இல்லையென்றால் இப்போதே விண்ணப்பம் போட வையுங்கள். போய்ச் சேர்ந்த பிறகு முதல் நாள் காலையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.